சீனி வருத்தம், நாரிநோ, நித்திரையின்மை: யோகாசனமும் தமிழ் மருந்தும் எதுவரை கைகொடுக்கும்?

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, வயல் செய்கிறவர், சில வருடமாகச் சீனி வருத்தம், அதோடு நாரிநோ. அம்மாவுக்கு முழங்கால் நோவு, இரவில் நித்திரை இல்லை. அப்பப்பா அந்தக் காலத்துப் பரியாரியார். அவருடைய ஏடுகளும் மருந்துப் பெட்டியும் இடப்பெயர்வோடு போய்விட்டன. இப்போது வீட்டில் எல்லோரும் யூடியூபில் யோகாசனம் பார்க்கிறார்களாம். யோகாவும் ஆயுர்வேதமும் ஒழுங்காகச் செய்தால் கிளினிக்கில் தருகிற குளிசைகளை விட்டுவிடலாமா, எதிலிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

முதலில் குளிசை விசயத்தை முடித்துவிடுவோம். விடக்கூடாது. நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வன்னியில் அரச மருந்தகங்களிலேயே காலம் கழித்தவன். தமிழ் மருந்தில் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. ஆசனம், நடை, சாப்பாட்டு ஒழுங்கு மூன்றும் சேர்ந்தால் சீனி இறங்கும். இறங்கினால் குளிசையைக் குறைக்கலாமா என்பதை இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துக் கிளினிக் டொக்டர் சொல்வார். அதை அப்பாவும் தீர்மானிக்கக்கூடாது, நானும் தீர்மானிக்கக்கூடாது. தாங்களாகவே குளிசையை நிறுத்தியவர்கள் பிறகு எங்களிடம் வருவது பெரும்பாலும் ஆறாத கால் புண்ணோடுதான்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? எந்த ஆசனம் என்று கேட்பதற்கு முன், உடம்பு நாள் முழுக்க என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். யூடியூப் வகுப்புகள் பெரும்பாலும் கதிரையில் இருந்தபடி கணினி பார்க்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. அவர்களுக்குக் குனிந்து பாதத்தைத் தொடுவது நல்லதாக இருக்கலாம். உங்கள் அப்பா புல்லுப் பிடுங்கும்போதும் வரம்பு கட்டும்போதும் ஏற்கெனவே குனிந்தபடிதான் நிற்கிறார். அரிவு வெட்டுக்கு மெசின் வந்தபிறகு அந்தக் குனிவு ஒன்று குறைந்தது, ஆனால் மருந்தடிக்கிற வேலை இருக்கிறது. 16 லீற்றர் தாங்கியை நிரப்பி முதுகில் போட்டால் எல்லாமாக 20 கிலோவுக்குக் கிட்ட வரும். அந்தப் பாரத்தோடு சேற்றில் நடந்து வந்த மனிதரை மறுநாள் விடிய சூரிய நமஸ்காரம் செய்யச் சொன்னால் நாரி இன்னும் பிடிக்கும். அதன் பன்னிரண்டு நிலைகளில் முன்னால் குனிகிற நிலை இரண்டு தரம் வருகிறது. ஆகவே அவருக்கு இப்போதைக்குச் சூரிய நமஸ்காரம் வேண்டாம், பாதஹஸ்தாசனம் வேண்டாம், பச்சிமோத்தானாசனமும் வேண்டாம்.

அவருக்கு வேண்டியது எதிர்ப்பக்கம் வளைவது. வேலையின் இடையிலேயே செய்யலாம்: வரம்பில் நிமிர்ந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் நாரியில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிர வேண்டும். ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் நாலைந்து தரம் போதும். பின்னேரம் வீட்டுக்கு வந்து உடம்பு கழுவியபிறகு பன்பாயை விரித்துக் குப்புறப் படுக்கட்டும். கைகளை மடித்து அதன்மேல் நெற்றியை வைத்து ஒன்றும் செய்யாமல் இரண்டு மூன்று நிமிடம் கிடந்தால் அது மகராசனம். அப்புறம் முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். தொப்புள் பாயில் ஒட்டியே இருக்கட்டும், பிட்டத்தை இறுக்கக்கூடாது, கழுத்தை அண்ணாந்து முறிக்கவும் கூடாது. படங்களில் காட்டுகிற முழுப் புஜங்காசனத்துக்குப் போகத் தேவையில்லை, இந்த அரைவாசியே மருந்து. பிறகு மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து விட்டு, அடுத்ததை இழுக்க வேண்டும். கடைசியில் இரண்டு காலையும் மடித்து ஊன்றிக்கொண்டு இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம். இவ்வளவுக்கும் கால் மணித்தியாலம் பிடிக்காது.

நோவு நாரியிலேயே நின்றால் இது சரி. குண்டியால் இறங்கிக் காலுக்குப் போய் விறைத்தால் ஆசனத்தை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். கால் பலமிழந்தாலோ, மலசலம் அடக்க முடியாமல் போனாலோ, மறைவிடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதற்கு எண்ணெய் பூசிப் பார்த்து நாளைக் கடத்தக்கூடாது.

சீனி வருத்தத்துக்கென்று தனியாக ஒரு ஆசனம் கிடையாது. கணையத்தை அமுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற ஆசனம் என்று வட்ஸப்பில் சுற்றுகிற படங்களை நம்பாதீர்கள். தசை வேலை செய்தால் இரத்தத்தில் உள்ள சீனியை அது எடுத்துக்கொள்ளும், விசயம் அவ்வளவுதான். அதற்கு நல்ல நேரம் சாப்பிட்ட பிறகு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கதிரையில் சாயாமல் ஒழுங்கையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டால் ஏறுகிற சீனி குறைவாக ஏறும். வயலில் நடக்கிறேனே என்பார் அப்பா. வயல் வேலை முடிந்து பல மணித்தியாலம் கழித்துத்தானே சோறு உள்ளே போகிறது? குரக்கன் பிட்டைப் பற்றியும் ஒரு சொல். அது சோற்றைவிட மெதுவாகச் சமிக்கும், நல்ல சாப்பாடுதான். ஆனால் குரக்கன் என்றதற்காக மூன்று நீத்துப் பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

அவர் எடுக்கிற குளிசையின் பெயரைப் பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்கிளசைட் போன்றது, அல்லது இன்சுலின் என்றால், வெறும் வயிற்றில் கடுமையாக உடம்பை வருத்தக்கூடாது. சீனி 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், குளிர வேர்க்கும், கதை குழறும். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதே காரணத்தால்தான் பாகற்காய்ச் சாறும், கடைகளில் விற்கிற கோத்தல ஹிம்புட்டுத் தேத்தண்ணியும் விளையாட்டுப் பொருள்கள் இல்லை. இரண்டும் சீனியைக் குறைக்கக் கூடியவை. குளிசையோடு சேர்ந்தால் அளவுக்கு மிஞ்சிக் குறையும். குடிப்பதென்றால் டொக்டருக்குச் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

ஒத்தடமும் இந்த வருத்தத்தில் கவனம். பல வருடச் சீனியால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. நொச்சியிலை, ஆமணக்கிலையை நல்லெண்ணெயில் வதக்கிச் சீலைத்துணியில் கிழி கட்டி ஒத்துகிறபோது, “இன்னும் சூடாக வை” என்று அவரே கேட்பார். அடுத்த நாள் கொப்புளம் நிற்கும், அந்தக் கொப்புளம் புண்ணாகும். கிழியை அவர் உடம்பில் வைப்பதற்கு முன் நீங்கள் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒத்தடமே வேண்டாம் என்பது என் கட்டளை. வயலால் வந்ததும் விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் யாராவது பார்க்க வேண்டும். அவர் தானாகப் பார்க்க மாட்டார்.

இனிச் சிறுநீரகம். வன்னியில் இதைப் பேசாமல் மருந்து பற்றிப் பேச முடியாது. 1990களில் அநுராதபுரப் பக்கம் கண்டுபிடித்த, காரணம் இன்னதென்று முடிவாகாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது, கிணற்றுத் தண்ணீரின் தன்மை, விவசாய நஞ்சுகள் என்று பலதைச் சொல்கிறார்கள். அதிகம் பிடிபடுகிறவர்கள் வயல் செய்கிறவர்கள். சீனி வருத்தமும் பிரஷரும் தனியாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே உங்கள் அப்பாவுக்கு எந்த மூலிகையைக் கொடுக்கிறதென்றாலும் நான் முதலில் கேட்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கிற கிரியற்றினின் எவ்வளவு என்றுதான்.

ஏனென்றால் நம்முடைய மூலிகைகளில் சிறுநீரகத்துக்கு ஆகாதவையும் உண்டு. ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்கிற ஈச்சுரமூலி இரண்டும் ஒரே குடும்பம். பழைய வைத்தியத்தில் விசத்துக்கும் புழுவுக்கும் பாவித்தவை. அவற்றில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்யும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரச் செய்யும் என்பது இன்றைக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த விசயம். முன்னோர் பாவித்தார்கள் என்பதற்காக அதை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். தமரத்தங்காயைச் சாறாக அடித்துக் குடிப்பதும் அப்படித்தான். அதில் உள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தில் போய்ப் படியும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு “உடம்பைக் குளிர்த்தும்” என்று இளநீரும் இலைக்கஞ்சியும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, கூடினால் இதயம் நின்றுபோகவும் கூடும். மற்றவர்களுக்கு வல்லாரைக் கஞ்சியும் முருங்கையிலை வறையும் முசுட்டையும் தூதுவளையும் நல்ல சாப்பாடு. மருந்து என்று பெயர் வைக்காமல் கறியாகவே சாப்பிடுங்கள்.

முகவரி இல்லாத பொட்டலத் தூள்களை வாங்கவே வேண்டாம். மூன்று நாளில் முழங்கால் நோவு பறந்துவிட்டது என்றால், மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது, உள்ளே ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று நினையுங்கள். பற்பம், செந்தூரம் என்பவை உலோகத்தையும் பாசாணத்தையும் சுத்தி செய்து புடம்போட்டு எடுப்பவை. சுத்தி சரியில்லாவிட்டால் ஈயமும் பாதரசமும் உடம்பில் ஏறும். சீந்திலை எதிர்ப்புச் சக்திக்கு என்று கொரோனாக் காலத்தில் கண்டபடி குடித்து ஈரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் வருவோம். முழங்கால் தேய்ந்தவருக்கு வஜ்ராசனம் ஆகாது. சாப்பிட்டவுடன் வஜ்ராசனத்தில் இருங்கள் என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள், ஆனால் அம்மா ஏற்கெனவே அடுப்படியில் குந்தியிருந்துதானே அந்த மூட்டைத் தேய்த்திருக்கிறார்? குந்துவதைக் குறைக்க அடுப்பை உயர்த்திக் கட்டுவதும் கக்கூசுக்குக் கொமட் வைப்பதும் எந்தத் தைலத்தையும்விடப் பெரிய வைத்தியம். கதிரையில் இருந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். இரண்டு காலுக்கும் மாறி மாறி, காலையும் பின்னேரமும். தொடை பலமானால் மூட்டின் பாரம் குறையும். பிண்டத் தைலமோ வெறும் நல்லெண்ணெயோ இளஞ்சூட்டில் தடவி, நொச்சியிலைக் கிழி ஒத்தடம் கொடுத்தால் நோவுக்குச் சுகம். முடக்கொத்தான் ரசம் வைத்துக் கொடுங்கள், தீங்கில்லை. ஆனால் தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடும் என்று யாரும் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு பேருக்கும் உடம்பில் போரில் பட்ட செல் துண்டு, அதாவது எறிகணைத் துண்டு, இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வன்னியில் கேட்காமல் யாருக்கும் தொக்கணம், அதாவது உடம்பை அமுக்கித் தேய்த்துவிடுவது, செய்யக்கூடாது. துண்டு இருக்கிற இடத்தை அமுக்கித் தேய்த்தால் அது உள்ளே நரம்பையோ குழாயையோ குத்தலாம். ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் கால் போடுகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும்: துண்டித்த காலுக்கு எண்ணெய் பூசுவது இரவில், காலைக் கழற்றி வைத்தபின். காலையில் பூசிவிட்டுக் காலைப் போட்டால் தோல் ஊறி உரியும்.

நித்திரைதான் இந்தக் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யோகத்தால் உண்மையில் ஆகக்கூடிய நன்மையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, பிழையாகச் சொல்லிக் கொடுத்தால் கெடுதல் வருவதும் இங்கேதான். வகுப்பில் எல்லோரையும் சாந்தியாசனத்தில் மல்லாத்தி, கண்ணை மூடு, ஒன்றும் நினையாதே என்கிறார்கள். போர்க்காலத்தில் பங்கருக்குள் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கண்ணை மூடி, அசையாமல், சத்தமில்லாத இடத்தில் கிடப்பது அமைதியாக இருக்கும் என்று யார் சொன்னது? அந்த நேரத்தில்தான் எல்லாம் திரும்பி வரும். சிலருக்கு நெஞ்சு அடிக்கும், சிலர் எழும்பி வெளியே போய்விடுவார்கள். பிறகு வகுப்புக்கு வரமாட்டார்கள், யோகா தனக்குச் சரிவராது என்று சொல்வார்கள்.

அம்மாவை விறாந்தையில் சுவரோடு முதுகு சாயக் கதிரையில் இருத்துங்கள். கண் திறந்திருக்கட்டும், வாசல் தெரியட்டும், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படட்டும். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை எடுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். இடையில் பிடித்து வைக்க வேண்டாம். மூச்சை விடுகிறபோது இதயத் துடிப்பு தணியும், அதனால் விடுகிற நேரத்தை நீட்டினால் உடம்பு தானாக அடங்கும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகள் அவருக்கு வேண்டாம். பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் வேண்டாம். எண்ணுவது பிடிக்காவிட்டால் தேவாரத்தை மெதுவாகப் பாடட்டும். செபமாலை சொல்கிறவர் அதைச் சொல்லட்டும், திக்ர் செய்கிறவர் அதைச் செய்யட்டும். எல்லாமே நீண்ட வெளிமூச்சுத்தான். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரால் பாதித்தவர்களுக்கு இப்படி அவரவர் சமயத்தோடு ஒட்டிய தளர்வு முறைகளை நீண்டகாலம் பயன்படுத்தி, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்துபோய் வந்த அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன் என்று சொல்கிற தாய்மார் நிறையப் பேர். நடையும் கூட்டமும் பாட்டும் சேர்ந்த வேலை அது.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்துங்கள். பகலில் படுத்தாலும் அரை மணித்தியாலத்தோடு எழும்பட்டும். படுக்கப் போகிற நேரம் முன்பின்னாகப் போகட்டும், எழும்புகிற நேரம் மாறக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் நல்லெண்ணெய் வைத்துத் தோய்வது சோளகம் வீசுகிற காலத்தில் நல்ல சுகம் தரும். மாரியில் சளி பிடிக்கிற உடம்பென்றால் உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சீலையால் துடைத்துவிடுங்கள், வழுக்கி விழக்கூடாது. சாதிக்காயைப் பாலில் உரைத்துக் கொடுப்பார்கள். மிகச் சிறிதாகத்தான், கூடினால் படபடப்பும் மயக்கமும் வரும். அமுக்கிராக் கிழங்கு நித்திரைக்கு உதவும் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, ஆனால் தைரொயிட் வருத்தமோ ஈரல் வருத்தமோ இருந்தாலும், நித்திரைக் குளிசை எடுத்தாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

போரின் கடைசி நாட்களை நினைவூட்டுகிற மே மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் அநேகருக்கு நித்திரை குழம்பும். அது கொஞ்ச நாளில் அடங்கினால் இயல்பு. வருடம் முழுக்க விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பதும், சாப்பாட்டில் மனம் இல்லாததும், இருந்து என்ன பயன் என்று சொல்வதும் இருந்தால், அது மூச்சுப் பயிற்சியோடு நிற்கிற விசயம் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பப்பாவின் ஏட்டில் விசகடி வைத்தியம் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் அதைவிட்டால் வேறு வழி இல்லை. இன்றைக்குப் பாம்பு தீண்டினால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, விசமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். இந்த விசயத்தில் பரியாரியாரின் பேரப்பிள்ளைக்கும் இதே விதிதான்.

யாரிடம் காட்டுவது என்பதற்கும் வழி சுலபம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, பாரம்பரிய வைத்தியம் எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அரச சித்த, ஆயுர்வேத வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். போகும்போது கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெட்டிகளையும் கொண்டுபோங்கள். கிளினிக்குக்குப் போகும்போது தமிழ் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைக்கிறவர்கள்தான் அதிகம்; ஏசினாலும் சொல்லுங்கள். அப்பாவின் கொப்பியில் கடைசியாகக் கிரியற்றினின் எப்போது பார்த்தார்கள் என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அடுத்த கிளினிக்கில் கேட்டு எடுப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள், தங்கச்சி. மூலிகை எது என்று அப்போது பேசுவோம்.